பத்தரைக் குதிரை இன்ஜினும் ஒரு துண்டுத் தகடும்!

1951-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கார் பந்தய கிளப், தன் விதிப் புத்தகத்தில் புதிதாக ஒரு தடையைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்ஜினைப் பெரிதாக்கியதற்காக அல்ல. விலை உயர்ந்த பாகத்தைப் பொருத்தியதற்காகவும் அல்ல. 23 வயது இளைஞர் ஒருவர், பழைய இன்ஜின் ஒன்றின் காற்றுத் துளைக்குள் உலோகத் தகட்டுத் துண்டுகளை வைத்து ஒட்டிவிட்டார். அந்தத் தகட்டுக்குத்தான் தடை!

அந்த இளைஞரின் பெயர் காலின் சாப்மன். பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயங்களைக் கலக்கிய லோட்டஸ் கார்களின் தந்தை. ஆனால் அந்தத் தகட்டை ஒட்டியபோது அவர் பெரிய ஆள் கிடையாது. கையில் காசும் கிடையாது.

அவரிடம் இருந்தது ஆஸ்டின் செவன். இந்தக் குட்டிக் காரின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஹெர்பர்ட் ஆஸ்டினின் கார் கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. பெரிய கார்களை வாங்க ஆள் இல்லை. 'சாமானியக் குடும்பம் வாங்கும்படி ஒரு சின்ன கார் செய்யலாம்' என்றார் ஆஸ்டின். இயக்குநர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதர் அசரவில்லை. தன் தொழிற்சாலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனை வீட்டுக்கு அழைத்துவந்து, பில்லியர்ட்ஸ் ஆடும் அறையில் உட்காரவைத்து காரை வரைய வைத்தார். இரண்டு சிலிண்டர் போதும் என்று ஆஸ்டின் நினைக்க, நான்கு சிலிண்டரையே மலிவாகச் செய்ய முடியும் என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்ததே அந்தப் பையன்தான்.

1922-ல் வெளிவந்த அந்த கார், 1939 வரை சுமார் 2,90,000 வண்டிகள் விற்றது. பி.எம்.டபிள்யூ. கம்பெனி முதன்முதலில் விற்ற காரே, ஆஸ்டின் செவனை உரிமம் பெற்று ஜெர்மனியில் செய்த 'டிக்ஸி'தான் என்றால் அதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம்.

இன்ஜின் 747 சி.சி. இன்றைய பெரிய பைக்குகளின் அளவுதான். ஆனால் சக்தி? நிமிடத்துக்கு 2,400 சுற்றில் பத்தரைக் குதிரை சக்தி. பத்தரை! இன்று காலேஜ் பையன் ஓட்டும் 125 சி.சி. பைக்கே கிட்டத்தட்ட அதைக் கொடுக்கிறது.

இவ்வளவு பெரிய வயிற்றுக்கு ஏன் இவ்வளவு குறைந்த சக்தி? மூச்சுதான் பிரச்னை.

இது 'பிளாட்ஹெட்' வகை இன்ஜின். 'சைடு வால்வு' என்றும் சொல்வார்கள். இன்றைய இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனுக்கு நேர் மேலே, ஹெட்டில் தொங்கும். இதில் அவை சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, பிளாக்கில் நிற்கும். மேலே இருக்கும் ஹெட் ஒரு தட்டையான மூடி, அவ்வளவுதான். அசையும் பாகம் எதுவும் அதில் இல்லை. நட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். செய்வது மலிவு, பழுது பார்ப்பது சுலபம். பாதகம் என்னவென்றால், பெட்ரோல் கலந்த காற்று கீழிருந்து வால்வு வழியாக மேலே ஏறி, மூடியில் முட்டி, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி கீழே சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். எரிந்த புகையும் இதே சுற்றுவழியில்தான் வெளியேற வேண்டும். மூக்கடைப்போடு ஓட்டப் பந்தயத்தில் ஓடுவது மாதிரி.

எந்த இன்ஜினிலும் சக்தியைக் கூட்ட அடிப்படையில் இரண்டே வழிகள். ஒவ்வொரு முறையும் இன்னும் நிறைய காற்றை இழுத்து இன்னும் நன்றாக எரிக்க வேண்டும். அல்லது, நிமிடத்துக்கு இன்னும் அதிக முறை இழுக்க வேண்டும், அதாவது வேகமாகச் சுழல வேண்டும். சூப்பர்சார்ஜர் போட்டு காற்றைத் திணிப்பதும் முதல் வழியின் பணக்கார வடிவம்தான். முதல் வழிக்கு யோசனை செலவாகும். இரண்டாவது வழிக்கு என்ன செலவாகும் என்பதை இந்தக் காரை வைத்திருந்தவர்கள் நடுரோட்டில் தெரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு வருவோம்.

பழைய பிளாட்ஹெட்டை வைத்திருப்பவர் முதலில் கைவைப்பது ஹெட்டில்தான். அதன் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவிவிட்டால் எரியும் அறை சின்னதாகும்; அழுத்தம் கூடும்; சக்தியும் கூடும். ஆரம்பகால ஆஸ்டின் செவனில் அழுத்த விகிதம் ஐந்துக்கு ஒன்று என்ற அளவில்தான். அந்தக் காலத்து மட்டமான பெட்ரோலுக்கு அதற்கு மேல் தாங்காது. இன்றைய பெட்ரோலுக்கு ஆறு என்பது ஒன்றுமே இல்லை. ஆகவே சீவலாம். ஆனால் எவ்வளவு?

பிளாட்ஹெட்டின் தந்திரமே இங்கேதான் இருக்கிறது. ஹெட்டைச் சீவச் சீவ, வால்வுக்கு மேலே இருக்கும் இடைவெளியும் குறைகிறது. காற்று சிலிண்டருக்குப் போக இருக்கும் ஒரே வழி அதுதான். அழுத்தத்தைக் கூட்டப்போய் மூச்சை நெரித்துவிடுகிறோம். ஒரு கட்டத்துக்கு மேல் சீவினால் இன்ஜின் முன்பைவிட மந்தமாகிவிடும். இன்னும் சீவினால், திறக்கும் வால்வு மூடியிலேயே முட்டிக்கொள்ளும்!

இந்தச் சிக்கலுக்கு அழகான விடை கண்டுபிடித்தவர் ஹாரி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேய இன்ஜினீயர். 1919 வாக்கில் அவர் சொன்னது இது: எரியும் அறையை சிலிண்டர் முழுக்கப் பரப்பாதீர்கள். வால்வுகளுக்கு மேல் மட்டும் அறையைக் குவித்து வையுங்கள். மீதிப் பக்கத்தில் பிஸ்டன் மேலே வரும்போது மூடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். பிஸ்டன் ஏறும்போது அந்த இடுக்கில் இருக்கும் காற்று பிதுங்கிக்கொண்டு அறைக்குள் பாயும். அந்தச் சுழற்சியில் தீ சட்டென்று பரவும். 'டொக் டொக்' என்று இன்ஜின் தட்டாமலே அழுத்தத்தைக் கூட்டலாம்.

பிளாட்ஹெட் இன்ஜின் இன்னும் முப்பது, நாற்பது வருடங்கள் பிழைத்துக் கிடந்ததில் ரிக்கார்டோவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்டின் செவனுக்கென்றே வெளிக் கம்பெனிகள் அலுமினிய ஹெட் செய்து விற்றன. அலுமினியம் சூட்டை சீக்கிரம் கடத்திவிடும் என்பதால் அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்ட முடிந்தது. ஹெட்டை மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. காசு இருந்தால் வாங்கிப் போட்டுவிடலாம்.

காசு இல்லாதவர்கள் என்ன செய்வது?

அரத்தைக் கையில் எடுப்பார்கள். வார்ப்பு இரும்பு பிளாக்கின் காற்றுத் துளைகளுக்குள் கரடுமுரடான மேடுகள் இருக்கும். அவற்றை ராவி வழவழப்பாக்கினால் காற்று தடங்கலின்றிப் போகும். கேட்பதற்கு எளிது. ஆனால் அந்தச் சுவருக்கு மறுபக்கம் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. ஆர்வக்கோளாறில் ஒரு நூல் அதிகமாக ராவிவிட்டால், தண்ணீர் இந்தப் பக்கம் வந்துவிடும். பிளாக்கே போச்சு!

காலின் சாப்மனும் இந்தக் காசில்லாத கூட்டத்தில் ஒருவர்தான். லண்டனில் கல்லூரியில் படித்துக்கொண்டே பழைய கார் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். 1947-ல் அரசாங்கம் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்தியது. பெட்ரோலே இல்லாத ஊரில் கார் யார் வாங்குவார்? கையிலிருந்த வண்டிகளை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டார். விற்காமல் நின்றது பழைய ஆஸ்டின் செவன் ஒன்று. காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வைத்து அதைப் பிரித்து மேய்ந்து, புது உடம்பு கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ். விற்காமல் தேங்கிய சரக்கிலிருந்து ஒரு பந்தய வம்சம் கிளம்பியது என்றால் மிகையில்லை.

அந்த நாள்களில் '750 மோட்டார் கிளப்' என்ற அமைப்பு, குறைந்த செலவில் பந்தயம் ஓட்ட விரும்புகிறவர்களுக்காக ஒரு பிரிவு நடத்தியது. ஆஸ்டின் செவனின் இன்ஜினும் சட்டமும் கட்டாயம். மற்றபடி உங்கள் சாமர்த்தியம். எல்லாருக்கும் ஒரே இன்ஜின் என்றால் ஜெயிப்பது எப்படி?

சாப்மன் இன்ஜினின் காற்றுத் துளைகளைப் பார்த்தார். நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டே துளைகள். 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று. 3, 4 சிலிண்டர்களுக்கு ஒன்று. செலவைக் குறைக்க அப்படி வார்த்திருந்தார்கள். ஆனால் இந்த இன்ஜின் எரியும் வரிசை 1-3-4-2. வரிசையை ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள். 3 இழுத்து முடிக்கும்போது, அதே துளையைப் பங்கு போடும் 4 இழுக்கத் தொடங்குகிறது. அடுத்து 2, அது முடிப்பதற்குள் பக்கத்து வீடான 1 ஆரம்பித்துவிடுகிறது. ஓர் இளநீர், ஒரே ஸ்ட்ரா, உறிஞ்ச இரண்டு குழந்தைகள். முதல் குழந்தை கடைசி மடக்கை உறிஞ்சும் நேரத்தில் இரண்டாவது குழந்தை ஸ்ட்ராவைப் பிடுங்கினால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த இன்ஜினுக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கடைசி மடக்கு சின்ன விஷயமல்ல. வேகமாக ஓடும் இன்ஜினில் சிலிண்டர் நிரம்புவதும் நிரம்பாததும் அதில்தான் இருக்கிறது.

சாப்மன் செய்தது இதுதான். ஒவ்வொரு துளைக்குள்ளும் நடுவே ஒரு தகட்டுத் தடுப்பை வைத்துப் பொருத்தினார். ஒரு துளை இரண்டானது. அதற்கேற்ப நான்கு தனித்தனிக் குழாய்கள் கொண்ட இணைப்பையும் செய்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இப்போது சொந்த ஸ்ட்ரா!

இந்த இன்ஜினோடு, ஆலன் சகோதரர்களுடன் சேர்ந்து கட்டிய லோட்டஸ் மார்க் த்ரீ கார் 1951 சீசனில் கிட்டத்தட்ட எதிரே ஆள் இல்லாமல் ஓடியது. மற்ற கார்கள் பின்னால் புள்ளியாகத் தெரிந்தன. சாமானியர்கள் போட்டி போடத் தொடங்கப்பட்ட பந்தயத்தில் ஒரே கார் ஜெயித்துக்கொண்டிருந்தால் யார் வருவார்கள்? துளையைப் பிரிக்கக் கூடாது என்று விதி வந்தது. கிளப் செய்தது நியாயம்தான் என்றே தோன்றுகிறது. எல்லாரும் பிளாக்கைத் தோண்டித் தகடு ஒட்டக் கிளம்பியிருந்தால், பாதி பிளாக்குகள் தண்ணீர் கசிந்து குப்பைக்குப் போயிருக்கும். சாப்மனும் அதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை. அடுத்த வருடமே லோட்டஸை முறையான கம்பெனியாக்கினார்.

சரி, அந்த இரண்டாவது வழிக்கு வருவோம். வேகமாகச் சுழல விடுவது.

ஆஸ்டின் செவன் இன்ஜினின் கிராங்க், பென்சிலைவிடக் கொஞ்சம்தான் பருமன் என்று கிண்டல் செய்யலாம். நிஜத்தில் அதன் தண்டு சுமார் 28 மில்லிமீட்டர். பருமனைவிட மோசமானது அதைத் தாங்கும் விதம். நான்கு பிஸ்டன்களும் உதைக்கும் அந்தத் தண்டுக்கு முன்னால் ஒரு பேரிங், பின்னால் ஒரு பேரிங். நடுவில் ஒன்றும் இல்லை! இரண்டு பேர் இரு முனையைப் பிடித்துச் சுழற்றும் ஸ்கிப்பிங் கயிறு நடுவில் வளைந்து தொப்பை போடுமே, வேகம் கூடக்கூட இந்த இரும்புத் தண்டும் அப்படித்தான் வளைய முயலும். நடுவில் மூன்றாவது பேரிங் 1936-ல்தான் வந்தது.

எண்ணெய் விஷயம் இன்னும் வேடிக்கை. இன்றைய இன்ஜின்களில் பம்ப் அழுத்தத்தோடு எண்ணெயை பேரிங்குக்குள் செலுத்தும். சாதாரண ஆஸ்டின் செவனில், அடியிலிருக்கும் சின்னக் குழாய்முனைகள் சுழலும் கிராங்கைப் பார்த்து எண்ணெயைப் பீய்ச்சும். விழுந்தால் அதிர்ஷ்டம். ஆங்கிலேயர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயரைத் தமிழில் சொன்னால், 'துப்பிவிட்டு வேண்டிக்கொள்' என்று வரும்.

ஆக, ஹெட்டை மாற்றி, பெரிய கார்புரேட்டர் போட்டு, இன்லெட் வால்வைப் பெரிதாக்கி, கடினமான ஸ்பிரிங் மாட்டி, சைலன்சருக்குப் போகும் குழாய்களைப் பிரித்து, பத்தரை குதிரையை இருபதாக்கிவிடலாம். எல்லாம் சரியாக நடந்த அன்று, சந்தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் கிராங்க் இரண்டாக உடைந்து, இன்ஜினின் அடிப்பக்கத்தை உடைத்துக்கொண்டு ரோட்டில் விழும். இந்தக் காரை வைத்து விளையாடியவர்கள் மத்தியில் உடைந்த கிராங்க் கதை இல்லாதவர்கள் குறைவு.

தொழிற்சாலையே செய்தபோது இதை யோசித்துத்தான் செய்தது. 1930 வாக்கில் வந்த 'அல்ஸ்டர்' என்ற பந்தய ரகத்தில் கிராங்குக்கு அழுத்தத்தோடு எண்ணெய் போனது. சூப்பர்சார்ஜர் இல்லாமலே சக்தி 24 குதிரையைத் தொட்டது. சூப்பர்சார்ஜர் வைத்த வண்டிகள் 30-ஐத் தாண்டின. அந்தப் பெயர் வந்த காரணமும் சுவையானது. 1929-ல் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் நடந்த டூரிஸ்ட் டிராபி பந்தயத்தில் 7 லிட்டர் மெர்சிடிஸில் வந்த ருடால்ஃப் கராச்சியோலா முதலிடம் பிடித்தார். முக்கால் லிட்டர் ஆஸ்டின் செவனில் வந்த ஆர்ச்சி ஃபிரேசர்-நாஷ் மூன்றாமிடம்! கார்களின் அளவுக்கேற்ப சலுகை தரும் பந்தயம்தான் அது. இருந்தாலும் சும்மாவா? அடுத்த வருடம் புரூக்லேண்ட்ஸில் 500 மைல் பந்தயத்தையே ஆஸ்டின் செவன் ஜெயித்தது. ஆறு மணி நேரம், சராசரி வேகம் மணிக்கு 134 கிலோமீட்டர். அதுவும் இரண்டு பேரிங் கிராங்கோடு.

இந்த அல்ஸ்டர் வண்டிகளில் ஒன்று எப்படியோ கடல் தாண்டி நியூசிலாந்து போய்ச் சேர்ந்தது. ஆக்லாந்தில் கார் ஷெட் வைத்திருந்த லெஸ் மெக்லாரன் அதைப் பிரித்துப் போட்ட நிலையில், பெட்டி பெட்டியாக வாங்கிவந்தார். பூட்டி விற்றால் நாலு காசு பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் ஒரு மகன். ஒன்பது வயதில் இடுப்பு எலும்பு நோய் வந்து, வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்தவன். ஒரு கால் குட்டையாகிவிட்டது. ஓடி ஆடும் விளையாட்டுகள் இனி சரிப்படாது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வண்டியைப் பூட்டினார்கள். விற்க விடவில்லை பையன். வீட்டுத் தோட்டத்துப் பழ மரங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகி, 1952-ல், பதினைந்தாவது வயதில், மூரிவாய் என்ற இடத்தில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில் இறங்கினான். அவன்தான் புரூஸ் மெக்லாரன். 1959-ல், 22 வயதில் ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஜெயித்தவர். இன்றைக்கும் ஓடும் மெக்லாரன் அணியை உருவாக்கியவர். அந்தக் குட்டி ஆஸ்டின் இன்றும் அந்தக் கம்பெனியின் சேகரிப்பில் இருக்கிறது.

இரண்டு பந்தய சாம்ராஜ்யங்களுக்கும் தொடக்கம் ஒரே பழைய பிளாட்ஹெட் என்பது தற்செயலாகத் தெரியவில்லை. மலிவாகக் கிடைத்தது, கையில் இருக்கும் ஸ்பானரால் கழற்ற முடிந்தது, தப்பு செய்தால் உடனே உடைந்து காட்டியது. இதைவிட நல்ல வாத்தியார் எங்கே கிடைப்பார்?

இன்று ஆஸ்டின் செவன் வைத்திருப்பவர்களுக்கு வசதிகள் ஏராளம். வலுவான எஃகில் செய்த புது கிராங்க், புது கேம், அலுமினிய ஹெட் எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் எந்தப் பழைய பிளாட்ஹெட்டாக இருந்தாலும், கூடுதல் சக்தி தேடுவதற்கு முன் காணாமல்போன சக்தியைத் தேடுவது உத்தமம். எண்பது, தொண்ணூறு வருட இன்ஜின் அந்தப் பத்தரையைக்கூடக் கொடுத்துக்கொண்டிருக்காது. ஏழோ எட்டோதான் இருக்கும். ஹெட்டைக் கழற்றி கார்பனைச் சுரண்டி எடுத்து, வால்வுகளை அதனதன் இருக்கையில் தேய்த்துப் பொருந்த வைத்து, தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்து, கார்புரேட்டர் இணைப்பில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாலே, 'புது இன்ஜின் மாட்டினீர்களா?' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். செலவு, ஒரு கேஸ்கட்டும் கொஞ்சம் அரைப்புப் பசையும்.

அதற்கு அடுத்து ஹெட்டா, கார்புரேட்டரா என்று கேட்டால், இரண்டும் இல்லை. பிரேக்! ஆரம்பகால ஆஸ்டின் செவனில் காலால் மிதித்தால் பின் சக்கரங்கள் மட்டும்தான் பிடிக்கும். முன் சக்கரங்களுக்குக் கையால் லீவரை இழுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக இணைத்தது 1930-ல்தான். அதன்பிறகும் கம்பி கேபிள் பிரேக்தான். சக்தி இரண்டு மடங்கானாலும் பிரேக் அதே பிரேக். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் முன்னால் மாட்டு வண்டி தெரிந்தால் கால் மைலுக்கு முன்பே கையை லீவரில் வைத்துக்கொள்வார்களாம். பத்தரைக் குதிரைக்கே அந்தக் கதி.